திறை யானையிலிருந்து முடிக்காணி வரை: வன்னியில் வணிகம் ஆட்சியான வழி

வன்னியில் வெள்ளையர் ஆட்சி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் 1803 என்று சொல்வோம். அந்த ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் காவலரணைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31ஆம் திகதி ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனை முறியடித்தது. தோல்வியைப் பதிவுசெய்து ஆங்கிலேயர் நட்ட நடுகல்லும், வீரத்தைப் போற்றி வவுனியாவில் நாம் எழுப்பிய சிலையும் அந்தச் சில வாரங்களையே நினைவில் நிறுத்துகின்றன. அந்த நினைவு நமக்கு வேண்டும். ஆனால் 1803ஐ மட்டும் பார்த்தால் ஒரு பெரிய கேள்வி விடுபட்டுப்போகிறது. சரக்கு வாங்க வந்தவன் எப்படி, எந்தப் படிகளில் ஏறி, நிலத்துக்குச் சொந்தக்காரனானான்?

கற்சிலைமடுவில் துப்பாக்கி வெடித்தபோது அந்தப் படிகளில் பெரும்பாலானவை ஏறி முடிந்திருந்தன என்பதே என் கருத்து. ஆட்சியை வன்னிக்குள் கொண்டுவந்தது முதலில் பீரங்கி அல்ல, கணக்குப் புத்தகம். அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

கடல் வணிகம் நமக்குப் புதிதாக வந்த ஒன்றல்ல. மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துக் கடலைக் கலங்கள் நிறைந்த கடலாகவே சுந்தரர் பாடியிருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்து அவனிடம் இருந்த முத்துகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். முத்தும் யானையும் துணிக்குச் சாயமேற்றும் சாயவேரும் சங்கும் வெளியே போயின. துணியும் அரிசியும் உள்ளே வந்தன. செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் தென்னிந்தியக் கரைக்கும் நமது கரைக்குமிடையே போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வணிகர் விலை கட்டாவிட்டால் இன்னொருவர் வருவார். ஒரு துறை வேண்டாமென்றால் அடுத்த துறைக்குப் போகலாம். வாங்குபவர் பலராக இருந்தவரை விற்பவருக்கு ஒரு பிடி இருந்தது.

ஐரோப்பியக் கம்பனிகள் உடைத்தது இந்தப் பிடியைத்தான். போர்த்துக்கேயர் கடலில் போகும் கலங்கள் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும் என்றார்கள். 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, அதன் அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றார்கள். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறின. இந்தக் கைமாற்றத்தில் வன்னிக்குள் ஒரு படைவீரனும் நிலையாகக் குடியேறவில்லை. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி ஆகிய பற்றுகளை (நாட்டுப் பிரிவுகளை) வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களே ஆண்டுகொண்டிருந்தார்கள். மாறியது ஒன்றுதான். யாழ்ப்பாண அரசனுக்கு வன்னியர் கொடுத்துவந்த திறையைப் பெறும் உரிமை, அரசனை வீழ்த்தியவனுக்கே சேரும் என்று போர்த்துக்கேயரும் பின்பு ஒல்லாந்தரும் எடுத்துக்கொண்டார்கள். பங்குதாரர்களுக்கு இலாபம் ஈட்டிக் கொடுப்பதற்காக 1602இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ஒரு வணிக நிறுவனம், ஆரியச்சக்கரவர்த்திகளின் வாரிசாகத் தன்னைக் கணக்கில் எழுதிக்கொண்டது.

திறை பணமாக வரவில்லை, யானையாக வந்தது.

இதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். யானை பிடிப்பதில் தேர்ந்தவர்கள் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். மான்தோலில் முறுக்கிய கயிறுதான் அவர்களுடைய ஆயுதம். காட்டில் யானையின் பின்னால் ஓசையின்றி நெருங்கி, அது கால் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். பிடிபட்ட யானையை நாட்கணக்கில் கட்டிவைத்துப் பழக்கி, வடக்கே நடத்திச் செல்ல வேண்டும். குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடல் ஆழம் குறைந்து கிடக்கும் இடத்தில் நீருக்குள் இறக்கி அக்கரை சேர்த்தார்கள். ஆனையிறவு என்ற பெயர் நமக்கு அப்படி வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து, தந்தம் உண்டா இல்லையா என்று பார்த்து விலை வைத்தார்கள். கொல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வாங்க ஆட்கள் வந்தார்கள். ஊர்காவற்றுறையில் யானைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். மன்னர்களின் படைக்கும் ஊர்வலத்துக்கும் போன அந்த யானைகளால் கம்பனிக்குக் கிடைத்த வருவாய் சிறியதல்ல.

காட்டில் உயிரைப் பணயம் வைப்பவர் ஒருவர். கொண்டுவந்து ஒப்படைக்கும் பொறுப்பு வன்னியருடையது. விற்ற பணம் கம்பனியின் பெட்டிக்குள் போனது. திறை என்பதால் அந்த யானைக்கு விலையே கொடுக்க வேண்டியதில்லை. உலகில் எந்த வணிகனுக்கும் இதைவிட மலிவான சரக்கு கிடைத்திருக்காது. வணிகம் என்ற பெயரில் நடந்த இந்த ஏற்பாட்டில் வாங்குதல் என்ற செயலே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யானை ஆண்டுதோறும் அளவாகக் கிடைக்கும் பொருளல்ல. மழை பொய்த்தால் மந்தை இடம் மாறும். பிடித்த யானை கட்டுத்தறியிலேயே செத்துப்போகும். கண்டி அரசனோடு வன்னியர் உறவு கொண்டாடும் காலத்தில் யானைகள் வடக்கே வராமல் நின்றுவிடுவதும் உண்டு. இப்படிக் குறைந்துபோனவற்றை ஒல்லாந்தர் நிலுவை என்று எழுதி அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்த்தார்கள். அரசனுக்குக் கொடுக்கும் திறையில் குறை வந்தால் பேசித் தீர்க்கலாம். பரிசு, உறவு, படை உதவி என்று ஈடுசெய்ய வழிகள் பல இருந்தன. கம்பனியின் பேரேட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஊர்க்கடைக்காரரின் கடன் கொப்பியைப்போல, எழுதியது அழியாமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. ஒல்லாந்தத் தளபதிகள் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைத்துப்போன அறிக்கைகளில் வன்னியரின் யானை நிலுவை பற்றிய முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. கடன்காரன் என்று ஒருவனை எழுதிவிட்டால், அவனைத் தண்டிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று எழுதியவன் நினைக்கத் தொடங்குகிறான். வன்னியர் பணியாதவர், நம்பத் தகாதவர் என்ற முத்திரை இந்த நிலுவைக் கணக்கிலிருந்தும் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

சாயவேரிலும் இதே கதைதான், அளவில் சிறியது. துணிக்குச் சிவப்பு ஏற்றும் அந்த வேர் மன்னாரிலும் தீவுகளிலும் வன்னிக் கரையோரத்து மணற்பாங்கான நிலத்திலும் தானாக முளைத்தது. வேர் கிண்டும் குடிகள் அதைக் கம்பனிக்கே, கம்பனி வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். பிறருக்கு விற்பது குற்றம். ஒரு செடியின் வேரை யார் தோண்டலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று விதிப்பவன் ஏற்கெனவே ஆளத் தொடங்கிவிட்டான். அவனை வணிகன் என்று அழைப்பது பழக்கதோஷம் மட்டுமே.

தனியுரிமையைக் காக்கக் காவல் வேண்டும். ஆனையிறவிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை ஒல்லாந்தர் சிறு கோட்டைகளை வைத்து, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே போய்வரும் ஆட்களையும் பொருட்களையும் சோதித்தார்கள். கோட்டைக்குச் சிப்பாய், சிப்பாய்க்குச் சம்பளம், சம்பளத்துக்குப் பணம். அந்தப் பணத்துக்காகத் தலைவரி, நிலவரி, சந்தை வரி. வரி வாங்க வேண்டுமானால் யாரிடம் எவ்வளவு நிலம் என்று தெரிய வேண்டும். அதற்காகத் தோம்புகள் என்ற நிலப் பதிவேடுகள் எழுதப்பட்டன. நிலத்துக்கு வழக்கு வந்தால் தீர்க்கச் சட்டம் வேண்டும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். இன்று நீதிமன்றங்களில் நாம் பேசும் தேசவழமை அப்படித்தான் எழுத்து வடிவம் பெற்றது. மிளகும் கறுவாவும் வாங்கப் புறப்பட்ட ஒரு கம்பனி, நம் பாட்டிமாரின் சீதனக் காணிக்கு விதி எழுதும் இடத்துக்கு வந்திருந்தது. கம்பனிகள் பேராசைக்காரர்களாக இருந்தமை மட்டும் இதற்குக் காரணமல்ல. தனியுரிமைக்குக் காவல், காவலுக்கு வரி, வரிக்கு நிர்வாகம் என்று ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்து வந்தது. வங்காளத்தில் ஆங்கிலக் கம்பனி 1757இல் பிளாசியில் வென்று, 1765இல் வரி வாங்கும் உரிமையைப் பெற்று, மக்களிடம் வாங்கிய வரியிலேயே அந்த மக்களின் துணியை வாங்கிக் கப்பலேற்றிய வழியும் இதுவேதான்.

வன்னிக்குள் ஆட்சி நேரடியாக நுழைந்தது 1780களில். 1761 முதல் 1766 வரை கண்டியோடு நடந்த போரின் முடிவில், இலங்கையின் கரையோரம் முழுவதும் தங்களுக்கே உரியது என்ற உடன்படிக்கையை ஒல்லாந்தர் பெற்றிருந்தார்கள். யானைச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. முகலாயர் ஆட்சி சிதறிய பின் பழையபடி வாங்க ஆளில்லை. அதேவேளை யாழ்ப்பாணத்துக்கு அரிசி போதவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் நெல்லையே அது நம்பியிருந்தது. 1780இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டு, 1782 ஜனவரியில் திருகோணமலையே கைமாறியபோது கடல்வழி நெல்லை நம்பியிருப்பது எத்தனை ஆபத்து என்பது தெளிவாகியது. குளங்களும் வயல்களும் உள்ள வன்னி அப்போது வேறொரு கண்ணுக்குத் தென்பட்டது. இனி அது யானைக் காடு அல்ல, நெல்வயல்.

1782இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்கப் படையெடுத்தார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எதிர்த்து நின்றவர்களில் வன்னிச்சிமார் எனப்பட்ட பெண் தலைவர்களும் இருந்தார்கள். மரியா செம்பாத்தை என்ற வன்னிச்சியைப் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுசென்று சிறை வைக்க வேண்டியதாயிற்று. கத்தோலிக்கப் பெயரோடு, பிறந்த மண்ணை விட்டுக்கொடுக்காமல் நின்ற இந்தப் பெண்ணுக்கு வன்னியில் ஒரு வீதியின் பெயராவது சூட்டப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

பின்னர் லெப்டினன்ட் தோமஸ் நாகல் வன்னியின் நில நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். யானைத் திறை போய் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற வரி வந்தது. திறை கொடுத்தவர் வன்னியத் தலைவர். அவருக்கும் கம்பனிக்கும் இடையிலான கணக்கு அது. பத்திலொன்றைக் கொடுப்பவரோ கமக்காரர். சூடடித்த களத்துக்கே கம்பனியின் ஆள் வந்து நிற்கிறான். இடையில் இருந்த வன்னியர் என்ற படி நீக்கப்பட்டுவிட்டது. பண்டாரவன்னியனின் எழுச்சியை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் முழுமையாக விளங்கும். அவன் எதிர்த்தது புதிதாக வந்த ஆங்கிலேயரை மட்டும் அல்ல. வன்னியத் தலைவர்கள் ஆளும் வன்னிமை என்ற ஏற்பாட்டையே அழித்த ஒரு மாற்றத்தை.

ஆங்கிலேயர் வந்த வேகம் வியப்பானது. 1795 ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் யாழ்ப்பாணம், ஒக்டோபர் முதலாம் திகதி முல்லைத்தீவு, அடுத்த சில நாட்களில் மன்னார், 1796 பெப்ரவரியில் கொழும்பு. பிடித்த நிலத்தை முதலில் நிர்வகித்தது சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி. போர்ச் செலவை ஈடுகட்ட அதன் கண் முதலில் விழுந்தது மன்னார்க் கடலில். ஒல்லாந்தர் காலத்தின் கடைசி ஆண்டுகளில் முத்துக் குளிப்பே நடக்காமல் கிடந்த பார்களில் (கடலடிச் சிப்பிப் படுகைகளில்) 1796, 1797, 1798 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடத்திப் பெரும் பணம் எடுத்தார்கள். அடுத்தடுத்துக் குளித்ததால் சிப்பி வளம் குன்றியது. அரிப்பு என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் இருக்கிறது. மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவர வேண்டும். முத்துப் பணம் எவ்வளவு முக்கியமாக இருந்தால் ஓர் ஆளுநர் அந்த வெயிலில் அங்கே போய் வீடு கட்டியிருப்பார்!

வரி விடயத்தில் சென்னைக் கம்பனி அவசரப்பட்டது. தென்னை மரத்துக்கு வரி போட்டது. ஊர்த் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சென்னையிலிருந்து கொண்டுவந்த அலுவலர்களை வரி வாங்க விட்டது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கம்பனியிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது என்று கண்ட லண்டன் அரசு 1798இல் நோர்த்தை ஆளுநராக அனுப்பியது. 1802இல் இலங்கை பிரித்தானிய முடிக்குரிய குடியேற்றநாடானது. அதற்குச் சற்று முன்னர், 1799இல், ஒல்லாந்தக் கம்பனி கடன் தாங்காமல் கலைக்கப்பட்டிருந்தது. கம்பனிகள் போயின. அவை கட்டிய வரிமுறை, தனியுரிமை, கச்சேரி எனும் நிர்வாக அலுவலகம், கணக்கு எல்லாம் அரசிடம் வந்தன. கண்டிமீது ஆங்கிலேயர் 1803இல் எடுத்த படையெடுப்பு பேரழிவில் முடிந்த அதே ஆண்டிலேதான் கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் எழுந்தான்.

இனி வருவது, என் பார்வையில், இந்தக் கதையின் மிகக் கனமான பகுதி. இதில் துப்பாக்கியே இல்லை.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் நீக்கப்பட்டது. 1833இல் முழுத் தீவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. கறுவாத் தனியுரிமை முடிவுக்கு வந்தது. பழைய வணிகம் இப்படிக் கலைந்த இடத்தில் கோப்பித் தோட்டம் முளைத்தது. தோட்டத்துக்கு மலைநாட்டுக் காடு வேண்டும். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அரசு காணி விற்றது. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளே பலர். ஆனால் விற்பதற்கு முன் அது தனக்குச் சொந்தம் என்று காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறல் சட்டம். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்று அது விதித்தது.

மலைக்காக எழுதிய சட்டம் வன்னிக்கும் சட்டமானது. சேனைப் பயிர் செய்பவர் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து ஓரிரு போகம் குரக்கனும் எள்ளும் விதைத்துவிட்டு, மண் தேறட்டும் என்று பல ஆண்டுகள் விட்டுவிடுவார். அந்த ஆண்டுகளில் அது பார்ப்பவர் கண்ணுக்குக் காடுதான். ஆனால் எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் வெட்டும் என்பது ஊருக்குத் தெரியும். குளம் உடைந்து ஊர் பெயர்ந்தால் வயலும் சில ஆண்டுகளில் பற்றையாகிவிடும். ஊரவர் திரும்பி வந்து குளத்தைத் திருத்துவதும் உண்டு. ஓய்வில் கிடக்கும் நிலம், திரும்பி வருபவருக்காகக் காத்திருக்கும் நிலம், விறகும் தேனும் எடுக்கும் காடு ஆகிய மூன்றையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஆளில்லா நிலம் என்று ஒரே பெட்டிக்குள் போட்டது. உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், காட்டு என்றது. வழமையால் ஆண்ட மக்களிடம் உறுதி எங்கிருந்து வரும்? யானையும் வேரும் நெல்லும் வாங்கியவர்கள் நிலத்தின் விளைவைத்தான் எடுத்தார்கள். இந்தச் சட்டம் நிலத்தையே எடுத்தது.

கோப்பி வன்னியை இன்னொரு விதத்திலும் தொட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் நீரின்றியும் கொலராவாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் நடந்த பாதையில்தான், 1914இல், தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பலர் பின்னாளில் இனவன்முறைக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். தங்கள் முன்னோர் விழுந்து மாண்ட காட்டையே வெட்டித் திருத்தினார்கள். வன்னியின் வரலாற்றை எழுதுபவர்கள் வன்னியரோடு நிறுத்திக்கொள்வது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. சாயவேர்த் தனியுரிமை அதற்கு நெடுங்காலம் முன்பே போயிருந்தது. 1906இல் முத்துக் குளிப்பை ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அது நட்டப்பட்டு மூடியது. வணிகத்தின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நிலத்தின்மீது விழுந்த பிடி மட்டும் தளரவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், அரசு தன்னுடையது என்று சொல்லும் காணியைக் குடிமக்களுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வன்னியில் இன்றும் ஒரு காணியைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது உறுதிக் காணியா, பேமிட் காணியா என்பதுதான். பேமிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, ஈடுவைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. போரில் இடம்பெயர்ந்து பத்திரத்தைத் தொலைத்தவர், தகப்பன் வெட்டிய காணிக்குத் தானே அத்துமீறியவர் என்று பிரதேச செயலகத்துக்கும் காணிக் கச்சேரிக்கும் அலைகிறார். ஆட்கள் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்த பற்றையைக் காட்டி இது காடு என்று எல்லைக்கல் நடுகிறார்கள். முடிக்காணி அரச காணியாகப் பெயர் மாறியிருக்கிறது. நிலம் தன்னுடையது என்று நிரூபிக்கும் சுமை, 1840இல் இருந்ததைப்போலவே, கமக்காரரின் தலையில்தான் இருக்கிறது.